ஒற்றை டிஎல்எல் ஃபைலைத் தேடும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்



சென்னை ரிச்சி தெருவின் மாடிக் கடைகள் முதல் தாலுகா ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் மெஷினோடு சேர்ந்து நடக்கும் சின்ன சர்வீஸ் சென்டர் வரை நம் கம்ப்யூட்டர் சர்வீஸ் தொழிலில் ஒரு பழக்கம் ஊறிப்போயிருக்கிறது. பென்டிரைவ் எடுக்கவில்லை, பிரிண்டர் தெரியவில்லை என்று கஸ்டமர் சிஸ்டத்தைக் கொண்டுவருகிறார். ஏதோ ஒரு டிஎல்எல் இல்லை என்று திரையில் செய்தி வருகிறது. அந்த ஃபைலின் பெயரைத் தேடி, முதலில் கிடைக்கும் இலவசத் தளத்திலிருந்து இறக்கி, சிஸ்டம்32 ஃபோல்டரில் போட்டு ரீஸ்டார்ட் கொடுக்கிறோம். சரியானால் சரி, இல்லையென்றால் ஃபார்மட். இந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

காரணம் சொல்லாமல் விடச் சொன்னால் யாரும் விட மாட்டார்கள். யுஎஸ்பி வேலை செய்வதில் அந்த ஃபைல்களுக்கு என்ன பங்கு என்று தெரிந்துவிட்டால், எந்தக் கோளாறுக்கு எந்த ஃபைலைத் தொட வேண்டும், எதைத் தொடவே கூடாது என்பது தானாகப் புரியும்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தப் பழக்கம் தவறான இடத்தில் பிறந்ததல்ல. விண்டோஸ் 98 காலத்தில் பென்டிரைவோடு ஒரு டிரைவர் சிடியும் வரும். எல்லா பென்டிரைவுக்கும் பொதுவான டிரைவர் அந்த விண்டோஸில் கிடையாது. விண்டோஸ் 2000-மும் எம்இ-யும் வந்த பிறகுதான் யுஎஸ்பிஸ்டோர் என்ற பொது டிரைவர் விண்டோஸோடே சேர்ந்து வந்தது. எக்ஸ்பி காலத்திலும் புதிதாக ஒரு சாதனத்தைச் செருகினால், யுஎஸ்பிஹப் வேண்டும், யுஎஸ்பியுஐ வேண்டும், சிடியைப் போடு என்று கேட்கும். ஐ386 ஃபோல்டரைத் திறந்து, நீட்டிப்பின் கடைசி எழுத்துக்குப் பதில் அடிக்கோடு போட்டுச் சுருக்கி வைத்திருக்கும் ஃபைலைத் தேடி, எக்ஸ்பாண்ட் கட்டளையால் விரித்துப் போடுவார்கள் அந்தக் காலத்து மெக்கானிக்குகள். அது சரியான வேலை. அந்த ஃபைல் அதே விண்டோஸின் சிடியிலிருந்து, அதே சர்வீஸ் பேக்கிலிருந்து வந்தது. கைப்பழக்கம் இன்றும் அப்படியே இருக்கிறது. ஃபைல் வரும் இடம்தான் மாறிவிட்டது.

இனி ஒரு பென்டிரைவைச் செருகும்போது உள்ளே நடப்பதைப் பார்ப்போம். செருகியவுடன் பென்டிரைவுக்குள் இருக்கும் 1.5 கிலோ ஓம் ரெசிஸ்டர் டி பிளஸ் கம்பியின் மின்னழுத்தத்தை மேலே இழுக்கிறது. யாரோ வந்திருக்கிறார்கள் என்று ஹப்புக்குத் தெரிவது அப்படித்தான். ஹப் அந்த போர்ட்டை ரீசெட் செய்கிறது. புதிதாக வந்த சாதனத்துக்கு அப்போது முகவரி 0. விண்டோஸ் அதனிடம் டிவைஸ் டிஸ்கிரிப்டர் என்ற 18 பைட் தகவலைக் கேட்கிறது. தயாரித்த நிறுவனத்தின் எண், பொருளின் எண், எந்த வகைச் சாதனம் என்பதெல்லாம் அதற்குள் இருக்கும். பிறகு 1-லிருந்து 127-க்குள் ஒரு முகவரி கிடைக்கிறது. யுஎஸ்பி 2.0 விதிப்படி, விண்டோஸின் அனுமதி கிடைக்கும்வரை அந்தச் சாதனம் 100 மில்லி ஆம்பியருக்கு மேல் மின்சாரம் எடுக்கக் கூடாது. கேட்டு அனுமதி வாங்கிய பிறகு 500 வரை எடுக்கலாம்.

இவ்வளவையும் செய்பவை கெர்னலுக்குள் ஓடும் சிஸ் ஃபைல்கள். விண்டோஸ் 8 முதல் யுஎஸ்பி 3.0 போர்ட்டுகளில் யுஎஸ்பிஎக்ஸ்எச்சிஐ, யுஎஸ்பிஹப்3 என்ற டிரைவர்கள் இந்த வேலையைப் பார்க்கின்றன. இதுவரை நடந்த எதிலும் ஒரு டிஎல்எல் ஃபைலுக்கும் பங்கில்லை.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், கடைக்கு வரும் கேஸ்களில் அடிக்கடி பார்ப்பது இந்தக் கட்டத்திலேயே நின்றுபோன கேஸ்தான். டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம் இருக்கும். ‘அன்நோன் யுஎஸ்பி டிவைஸ், டிவைஸ் டிஸ்கிரிப்டர் ரிக்வெஸ்ட் ஃபெயில்டு’ என்று எழுதியிருக்கும். ப்ராப்பர்ட்டீஸைத் திறந்தால் கோட் 43. டீடெயில்ஸ் பகுதியில் ஹார்ட்வேர் ஐடியைப் பாருங்கள்: விஐடி 0000, பிஐடி 0002 என்று இருக்கும். உலகத்தில் எந்தக் கம்பெனியும் அந்த எண்ணில் பொருள் விற்பதில்லை. கேட்ட 18 பைட் கிடைக்காததால் விண்டோஸே போட்டுக்கொண்ட எண் அது. தன் பெயரையே சொல்லாத சாதனத்துக்கு எந்த டிரைவரைப் போட முடியும்? எந்த டிஎல்எல்லைக் கொண்டுவந்து வைத்தால் அது பேசும்? கேபினெட்டின் முன்பக்க போர்ட்டிலிருந்து எடுத்து, மதர்போர்டிலேயே இருக்கும் பின்பக்க போர்ட்டில் செருகிப் பாருங்கள். கேபிளை மாற்றுங்கள். நடுவில் ஹப் இருந்தால் கழற்றுங்கள். இன்னொரு சிஸ்டத்திலும் இதே பதில் வந்தால் சாதனம் செத்துவிட்டது என்று கஸ்டமரிடம் நேராகச் சொல்லிவிடலாம்.

சாதனம் பெயரைச் சொன்ன பிறகுதான் டிஎல்எல்களின் வேலை தொடங்குகிறது. ப்ளக் அண்ட் ப்ளே சர்வீஸ் யுஎம்பிஎன்பிஎம்ஜிஆர் என்ற டிஎல்எல்லில் இருக்கிறது. செட்டப்ஏபிஐ என்ற டிஎல்எல், ஐஎன்எஃப் ஃபைல்களில் எழுதியிருக்கும் குறிப்புகளைப் படிக்கவும் அதன்படி டிரைவரை நிறுவவும் வழி செய்கிறது. குறிப்பிட்ட நிறுவனத்தின் குறிப்பிட்ட பொருளுக்கென்று ஐஎன்எஃப் இருக்கிறதா என்று முதலில் தேடல் நடக்கும். இல்லையென்றால் வகையைப் பார்க்கும். வகை 08, உட்பிரிவு 06, நெறிமுறை 50 என்றால் அது பென்டிரைவ்; எந்தக் கம்பெனியுடையதானாலும் யுஎஸ்பிஸ்டோர் டிரைவரைக் கொடுத்துவிடலாம். பெயர் தெரியாத கம்பெனியின் பென்டிரைவும் சிடி இல்லாமல் எடுப்பதன் காரணம் இதுதான்.

இந்தத் தேடல் முழுவதையும் விண்டோஸ் எழுதி வைக்கிறது. விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஐஎன்எஃப் என்ற ஃபோல்டரில் செட்டப்ஏபிஐ டெவ் லாக் என்று ஒரு ஃபைல் இருக்கும். நோட்பேடில் திறந்து, கடைசியிலிருந்து மேலே வாருங்கள். மூன்று ஆச்சரியக்குறி போட்டுத் தொடங்கும் வரிதான் பிழை. எந்த ஐஎன்எஃப்-ஐ எடுத்தது, எங்கே மாட்டியது என்று தேதி நேரத்தோடு இருக்கும். ஒரு மணி நேரம் இணையத்தில் தேடிக் கிடைக்காத பதில் அந்த ஒரு ஃபைலில் கிடைக்கும். இதைப் படிக்கத் தெரிந்த மெக்கானிக்குகள் குறைவாக இருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். கம்ப்யூட்டர் ஹார்ட்வேர் வகுப்பு நடத்துபவர்கள் இதற்கென்று ஒரு நாளை ஒதுக்கினால் நல்லது.

மற்ற டிஎல்எல்களின் வேலை தனித்தனி. கீபோர்டு, மவுஸ், பார்கோடு ஸ்கேனர் வகைச் சாதனங்களோடு ஒரு மென்பொருள் நேராகப் பேச வேண்டுமானால் ஹெச்ஐடி டிஎல்எல். தனி டிரைவர் எழுதாமல் ஒரு சாதனத்தை இயக்க வின்யுஎஸ்பி. கடிகாரத்துக்குப் பக்கத்தில் ‘சேஃப்லி ரிமூவ்’ சொல்லும்போது வருவது ஹாட்ப்ளக், அதற்கு அடியில் சிஎஃப்ஜிஎம்ஜிஆர்32. யுஎஸ்பியுஐ என்ற ஃபைலைத் தேடித்தான் நிறையப் பேர் இணையத்தில் அலைகிறார்கள். டிவைஸ் மேனேஜரில் யுஎஸ்பி கன்ட்ரோலரைத் திறந்தால் தெரியும் பக்கங்களைக் காட்டுவது அதன் வேலை. பென்டிரைவிலிருந்து ஒரு பைட்டைப் படிப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதை மாற்றி வைத்ததால் பென்டிரைவ் எடுத்தது என்று யாராவது சொன்னால், எடுக்க வைத்தது ரீஸ்டார்ட்.

பிரிண்டருக்கு யுஎஸ்பிமான். யுஎஸ்பி001, யுஎஸ்பி002 என்ற பிரிண்டர் போர்ட்டுகளை அதுதான் நடத்துகிறது. ‘காப்பி 1’ என்று இன்னொரு பிரிண்டர் முளைப்பதை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். பிரிண்டர் தன் சீரியல் எண்ணைச் சொல்லாவிட்டால், எந்த போர்ட்டில் செருகியிருக்கிறது என்பதை வைத்துத்தான் விண்டோஸ் அதை அடையாளம் காண்கிறது. தரை துடைக்கும்போது கேபிளைக் கழற்றி வேறு போர்ட்டில் மாட்டினால், விண்டோஸுக்கு அது புது பிரிண்டர். எடை மேடையில் யுஎஸ்பி சீரியல் கன்வெர்ட்டர் காம் 3-லிருந்து காம் 7-க்குத் தாவுவதும் இதனால்தான். டிரைவரை அழித்துத் திரும்பப் போட வேண்டாம். பழைய போர்ட்டிலேயே மாட்டிவிட்டு, போர்ட்டுக்குப் பக்கத்தில் மார்க்கரால் ஒரு அடையாளம் போட்டுவிட்டு வாருங்கள்.

‘இந்தச் சாதனம் பயன்பாட்டில் உள்ளது’ என்று சொல்லி பென்டிரைவை எடுக்க விடாமல் படுத்தும்போதும் ஊகிக்க வேண்டியதில்லை. ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பகுதியில், கெர்னல் பிஎன்பி என்ற பெயரில் 225 என்ற எண்ணுள்ள பதிவைத் தேடுங்கள். எந்த மென்பொருள் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பெயரோடு இருக்கும்.

இப்போது இந்த மடலை எழுத என்னைத் தூண்டிய விஷயத்துக்கு வருகிறேன். டிஜிட்டல் கையெழுத்து டோக்கன்.

ஒரு காண்டிராக்டர் பதறிக்கொண்டு வருகிறார். மாலை 3 மணிக்கு டெண்டர் மூடுகிறது, டோக்கன் எடுக்கவில்லை. டோக்கனில் விளக்கு எரிகிறது. டிவைஸ் மேனேஜரில் ஸ்மார்ட் கார்ட் ரீடர் என்று ஒழுங்காகத் தெரிகிறது, மஞ்சள் முக்கோணமும் இல்லை. ஆனால் கையெழுத்திடும் மென்பொருள் சர்டிஃபிகேட் இல்லை என்கிறது. இங்கே மின்சாரம் சரி, டிரைவரும் சரி. ஸ்மார்ட் கார்ட் ரீடர் வகைக்கான பொது டிரைவர் விண்டோஸிலேயே இருக்கிறது. அதற்கு மேலே வின்எஸ்கார்ட் என்ற விண்டோஸ் டிஎல்எல். அதற்கும் மேலே டோக்கன் தயாரித்த நிறுவனத்தின் சொந்த டிஎல்எல் ஒன்று இருக்க வேண்டும். டோக்கனுக்குள் இருக்கும் சாவியோடு பேசத் தெரிந்தது அதுதான். கோளாறு இருக்குமிடம் பெரும்பாலும் அங்கே: அந்த டிஎல்எல் இல்லை, அல்லது 32 பிட் மென்பொருள் 64 பிட் டிஎல்எல்லைக் கேட்டு விழிக்கிறது. ஸ்மார்ட் கார்ட் சர்வீஸ் ஓடுகிறதா என்றும் ஒரு பார்வை பாருங்கள். ரிமோட் டெஸ்க்டாப் வழியாக உள்ளே போய்ப் பார்த்தால், அந்தப் பக்கம் செருகியிருக்கும் டோக்கன் உங்கள் கண்ணுக்குத் தெரியாது. அதை வைத்து டோக்கன் போய்விட்டது என்று சொல்லிவிடாதீர்கள்.

இந்த அவசரத்தில் யாரோ ஒருவரின் தளத்திலிருந்து அந்த டிஎல்எல்லை இறக்கி வைத்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். காண்டிராக்டர் அடிக்கும் பின் எண் அந்த டிஎல்எல்லின் வழியாகத்தான் டோக்கனுக்குள் போகிறது. எதில் கையெழுத்திட வேண்டும் என்ற தகவலும் அதன் வழியாகத்தான் போகிறது. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி அந்தக் கையெழுத்து செல்லும். அவருடைய கையெழுத்தைப் போடும் அதிகாரத்தை, முகம் தெரியாத ஒருவர் எழுதிய ஃபைலிடம் நீங்கள் ஒப்படைத்திருக்கிறீர்கள். டோக்கன் திரும்ப எடுக்கும், டெண்டரும் போய்ச் சேரும், அவர் நன்றி சொல்லிக் காசு கொடுத்துவிட்டுப் போவார். அவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. டிஎல்எல்லை மாற்றி வைத்து ஏமாற்றுவது உலகமே பார்த்த விஷயம். 2010 ஜூனில் பெலாரஸின் வைரஸ்பிளோக்அடா நிறுவனம் கண்டுபிடித்த ஸ்டக்ஸ்நெட், ஈரானின் நதான்ஸ் யுரேனியச் செறிவூட்டல் ஆலையைக் குறிவைத்தது. யுஎஸ்பி டிரைவ் வழியாகப் பரவ எழுதப்பட்ட வைரஸ் அது. டிரைவில் இருக்கும் ஷார்ட்கட்டின் ஐகானை விண்டோஸ் காட்ட முனையும்போதே அதன் டிஎல்எல் ஏறிவிடும். உள்ளே போனதும், சீமென்ஸ் ஸ்டெப் 7 மென்பொருளில் ஆலையின் கன்ட்ரோலரோடு பேசும் டிஎல்எல்லுக்கு வேறு பெயர் வைத்து ஒதுக்கிவிட்டு, அதன் இடத்தில் தன்னுடையதை வைத்துக்கொண்டது. அந்த டிஎல்எல்லில் 109 ஃபங்ஷன்கள். 93-ஐ அப்படியே பழைய ஃபைலுக்கு அனுப்பிவிட்டு, 16-ஐ மட்டும் தன் கையில் வைத்துக்கொண்டது. எல்லாம் வழக்கம்போல வேலை செய்ததால் மென்பொருளை இயக்கியவர்களுக்குச் சந்தேகம் வரவில்லை.

அந்த வைரஸின் கெர்னல் டிரைவர்களில் ரியல்டெக், ஜேமைக்ரான் நிறுவனங்களிடமிருந்து திருடிய சான்றிதழ்களால் கையொப்பம் போட்டிருந்தார்கள். சிஸ் ஃபைல்களைப் பொறுத்தவரை விண்டோஸ் கறார். விஸ்டா முதல் 64 பிட் விண்டோஸில் கையொப்பம் இல்லாத டிரைவர் கெர்னலுக்குள் ஏறாது. டிஎல்எல்லுக்கு அந்தக் கட்டாயம் பொதுவாக இல்லை. ஃபோல்டரில் இருந்தால் மென்பொருள் அதை ஏற்றிக்கொள்ளும். ஏற்றிய கணத்திலேயே அதற்குள் இருக்கும் கோட் ஓடத் தொடங்கிவிடும். அதனால்தான் இறக்கிய டிஎல்எல் இறக்கிய டிரைவரைவிட ஆபத்தானது.

வைரஸ் இல்லாத நல்ல ஃபைல் கிடைத்தாலும் அது பொருந்துவதில்லை. விண்டோஸின் டிஎல்எல்கள் ஒவ்வொரு அப்டேட்டிலும் கூட்டமாகத்தான் மாறுகின்றன. திண்டுக்கல் பூட்டில் ஒரு லீவரை மட்டும் வேறு பூட்டிலிருந்து எடுத்துப் போட்டால் சாவி திரும்பாது, இதுவும் அப்படித்தான். இன்னொரு குழப்பமும் உண்டு. 64 பிட் விண்டோஸில் 64 பிட் ஃபைல்கள் இருப்பது சிஸ்டம்32-இல்; 32 பிட் ஃபைல்கள் சிஸ்வாவ்64-இல். மாற்றி வைத்தால், 7பி என்று முடியும் பிழை எண்ணோடு மென்பொருள் திறக்கவே மறுக்கும். வந்த கேஸ் ஒன்று, இப்போது கையில் இருப்பது இரண்டு.

சரி, ஃபைல் உண்மையாகவே கெட்டுப்போயிருந்தால்? விண்டோஸ் தன் ஃபைல்களின் நல்ல பிரதியை வின்எஸ்எக்ஸ்எஸ் ஃபோல்டரில் வைத்திருக்கிறது. அட்மினிஸ்ட்ரேட்டராகக் கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து, முதலில் டிஐஎஸ்எம் கட்டளையின் ரீஸ்டோர்ஹெல்த். அது முடிந்த பிறகு எஸ்எஃப்சி ஸ்கேன்நவ். வரிசையை மாற்ற வேண்டாம். டிஐஎஸ்எம் அந்தச் சேமிப்பைச் சரிசெய்கிறது. எஸ்எஃப்சி அதிலிருந்து எடுத்துத்தான் சிஸ்டம்32-ஐச் சரிசெய்கிறது. சேமிப்பே கெட்டிருக்கும்போது எஸ்எஃப்சியை மட்டும் ஓட்டி, சரிசெய்ய முடியவில்லை என்ற பதிலைப் பார்த்துவிட்டு ஃபார்மட்டுக்குப் போகிறவர்கள் நிறைய. கடையில் இணையம் மெதுவென்றால், அதே பதிப்பின் ஐஎஸ்ஓ-வை பென்டிரைவில் வைத்துக்கொண்டு, சோர்ஸ் என்று அதைக் காட்டலாம். அதே பதிப்பாக இருக்க வேண்டும் என்பது முக்கியம்.

எம்எஸ்விசிபி140, விசிரன்டைம்140 போன்றவை காணோம் என்று வந்தால், அது விஷுவல் சி பிளஸ் பிளஸ் தொகுப்பு இல்லாத குறை. மைக்ரோசாஃப்டின் தளத்தில் அந்தத் தொகுப்பு முழுதாக, இலவசமாகக் கிடைக்கிறது. டோக்கன், கைரேகைக் கருவி, பில்லிங் பிரிண்டர் இவற்றின் டிஎல்எல் என்றால் தயாரித்த நிறுவனத்தின் இன்ஸ்டாலர் மட்டும்தான்.

எண்ணைப் படிக்காமல் எதையும் தொடாதீர்கள். கோட் 28 என்றால் டிரைவர் போடவே இல்லை. 39 என்றால் டிரைவர் கெட்டிருக்கிறது, அல்லது பழைய ஆன்டிவைரஸ் ஒன்று ரிஜிஸ்ட்ரியில் விட்டுப்போன ஃபில்டர் குறுக்கே நிற்கிறது. 52 என்றால் கையொப்பம் செல்லவில்லை. 10 என்றால் டிரைவர் வந்தும் சாதனம் கிளம்பவில்லை. யுஎஸ்பி சீரியல் கன்வெர்ட்டரில் 10 வந்தால் உள்ளே இருக்கும் சிப் போலியாகவோ பழையதாகவோ இருக்கலாம். இந்தச் சிப்புகளைத் தயாரிக்கும் ப்ரோலிஃபிக்கின் டிரைவர், இது 2012 முதல் நிறுத்தப்பட்ட சிப் என்று டிவைஸ் மேனேஜரிலேயே எழுதிக் காட்டுகிறது. இன்னொரு சிப் நிறுவனமான எஃப்டிடிஐ ஒரு படி மேலே போனது. 2014 அக்டோபரில் விண்டோஸ் அப்டேட் வழியாக வந்த அதன் டிரைவர், போலிச் சிப்பைக் கண்டால் அதன் பிஐடியை 0 என்று மாற்றி எழுதிவிட்டது. எந்த சிஸ்டத்திலும் அது எடுக்காமல் போனது. எதிர்ப்பு கிளம்பிய பிறகு அந்த டிரைவரைத் திரும்பப் பெற்றார்கள். போலி என்று தெரியாமல் வாங்கிய கடைக்காரனின் பொருளைச் சாகடித்தது நியாயமில்லை என்பதே என் கருத்து. ஆனால் அதற்கு மாற்றாகப் பழைய டிரைவரைக் கண்ட இடத்திலிருந்து இறக்குவதைவிட, சில நூறு ரூபாய்க்கு நல்ல கன்வெர்ட்டர் ஒன்றை வாங்கச் சொல்லிவிடலாம்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏறாத சிஸ்டங்கள் நம் ஊர்க் கடைகளிலும் ஆபீசுகளிலும் இன்னும் பல வருடம் ஓடப்போகின்றன. காணாமல்போன டிஎல்எல்லை இலவசமாகத் தருகிறோம் என்று அழைக்கும் தளங்களுக்கு இனி இந்த சிஸ்டங்கள்தான் சந்தை. அதனால் ஒரு வேலையை இந்த வாரமே முடித்துவிடுங்கள். விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2-இன் ஐஎஸ்ஓ-வை மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து நேராக இறக்கி, கடையில் இரண்டு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். யுஎஸ்பி கேஸ் வரும்போதெல்லாம், டிவைஸ் மேனேஜர் காட்டிய கோட் எண்ணையும் ஹார்ட்வேர் ஐடியையும் ஜாப் கார்டில் எழுதுங்கள். வேலை முடிந்ததும், மாற்றிய ஃபைல் எங்கிருந்து வந்தது என்று அதற்குக் கீழே ஒரு வரி எழுதி, கஸ்டமரிடம் ஒரு நகல் கொடுங்கள்.